19 புள்ளி இருந்தும் ஸ்லாம் ஏன் உடைந்தது? வலுவான கைகளில் ஏலம் கேட்கும் முறை

பிரிட்ஜ் சீட்டாட்டத்தைப் பற்றி ஒருவர் கேட்ட கேள்வியின் சுருக்கம் இது. பார்ட்னர் 1 ஸ்பேட் என்று ஏலத்தைத் தொடங்கியிருக்கிறார் (ஏலத்தில் சொல்லும் எண்ணோடு ஆறைக் கூட்டினால் எடுக்க வேண்டிய ட்ரிக், அதாவது வெல்ல வேண்டிய சுற்றுகள்; சொல்லும் சூட், அதாவது சீட்டு வகை, துருப்பாகும்). கேள்வி கேட்டவரின் கையில் 19 புள்ளி (ஏஸுக்கு 4, கிங்குக்கு 3, குயினுக்கு 2, ஜாக்குக்கு 1). அவர் அடுத்த வாய்ப்பிலேயே 4 நோட்ரம்ப் (நோட்ரம்ப் என்றால் துருப்பில்லாத ஆட்டம்) என்று, பார்ட்னரிடம் எத்தனை ஏஸ் உண்டு என்பதை அறியும் பிளாக்வுட் கேள்வியைக் கேட்டார். வந்த பதிலை வைத்து எதிரணியிடம் ஒரே ஒரு ஏஸ்தான் இருக்கிறது என்று முடிவு செய்து 6 ஸ்பேட்ஸுக்கு, அதாவது 13-இல் 12 ட்ரிக் எடுக்க வேண்டிய ஸ்லாமுக்குப் போனார். எதிரணி முதல் இரண்டு ட்ரிக்கிலேயே கிளப்ஸ் ஏஸையும் கிங்கையும் இறக்கிவிட்டது. இவ்வளவு புள்ளி இருந்தும் ஏன் தோற்றோம், இத்தகைய கைகளில் எப்படி ஏலம் கேட்க வேண்டும் என்பதுதான் அவர் அறிய விரும்புவது.

அவர் தந்திருக்கும் இரண்டு கைகளையும் முதலில் எழுதிக்கொள்வோம்.

ஏலத்தைத் தொடங்கிய பார்ட்னர்: ஸ்பேட்ஸ் ஏஸ், குயின், 10, 7, 3, ஹார்ட்ஸ் ஜாக், 8, டைமண்ட்ஸ் கிங், ஜாக், 4, கிளப்ஸ் ஜாக், 6, 2.

கேள்வி கேட்டவர்: ஸ்பேட்ஸ் கிங், ஜாக், 8, 4, ஹார்ட்ஸ் ஏஸ், கிங், குயின், 5, டைமண்ட்ஸ் ஏஸ், குயின், 6, கிளப்ஸ் 7, 3.

இந்த இரு கைகளிலும் 12 ட்ரிக் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பேட்ஸில் ஐந்து, ஹார்ட்ஸில் ஜாக்கையும் சேர்த்து நான்கு, டைமண்ட்ஸில் மூன்று. கிளப்ஸைத் தொடாமலேயே பன்னிரண்டு ஆகிவிட்டது. எதிரணி முதல் சீட்டை வேறு சூட்டில் இறக்கியிருந்தால், துருப்பை இழுத்து முடித்துவிட்டு, ஹார்ட்ஸின் மூன்றாம் நான்காம் சுற்றுகளில் பார்ட்னர் கையிலிருக்கும் இரண்டு கிளப்ஸைக் கழித்து, ஒரே ஒரு கிளப்பை மட்டும் விட்டுக்கொடுத்து ஆட்டத்தை முடித்திருக்கலாம். ஆகவே இங்கே குறைந்தது வலு அல்ல. நாம் பன்னிரண்டை எடுக்கும் முன்பே எதிரணி இரண்டை எடுத்துவிட முடிந்தது என்பதுதான் குறை. ஸ்லாம் ஏலத்தில் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு: 12 ட்ரிக் நம்மிடம் உண்டா என்பது ஒன்று, அதற்குள் எதிரணி இரண்டு எடுத்துவிடுமா என்பது மற்றொன்று. புள்ளிக் கணக்கு முதல் கேள்விக்கு ஓரளவு விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

பிளாக்வுட்டோ இரண்டாவது கேள்விக்குப் பாதி விடைதான் தருகிறது. இன்றைய கீ கார்டு முறையில் நான்கு ஏஸ்களோடு துருப்பு கிங்கும் சேர்த்து ஐந்து சீட்டுகள் எண்ணப்படுகின்றன. கேள்வி கேட்டவரிடம் மூன்று இருந்தன. பார்ட்னர் ஒன்று என்றார். ஆக ஐந்தில் ஒன்று இல்லை. இந்தக் கணக்கில் பிழையே கிடையாது. ஆனால் பார்ட்னரிடம் கிளப்ஸ் கிங் உண்டா, அல்லது கிளப்ஸில் ஒற்றைச் சீட்டுதானா என்பதை எந்தப் பதிலும் சொல்லியிருக்காது. ஏலத்தில் வராத ஒரு சூட்டில் இரண்டு சிறு சீட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு பிளாக்வுட் கேட்கக் கூடாது என்பது பழைய விதி, அதன் காரணம் இதுதான். என் கணிப்பில், மன்றங்களில் உடையும் ஸ்லாம்களில் பெரும்பகுதி அந்த ஒரு விதியை மீறியதால் உடைபவை.

பிளாக்வுட் கேட்கக் கூடாத இன்னொரு கை, ஏதாவது ஒரு சூட்டில் சீட்டே இல்லாத கை. பார்ட்னர் ஓர் ஏஸ் உண்டு என்று சொன்னால், அது நமக்குத் தேவையான ஏஸா, நம் கையில் ஒரு சீட்டும் இல்லாத சூட்டில் வீணாகக் கிடக்கும் ஏஸா என்று தெரியாமல் 5-ஆம் படியில் விழித்துக்கொண்டு நிற்க நேரிடும்.

சரி, அந்தக் கைகளில் ஏலம் எப்படிப் போயிருக்க வேண்டும்? நான்கு சீட்டுத் துருப்பு ஆதரவும் கேமுக்கு (கூடுதல் பரிசு தரும் ஏலம், ஸ்பேட்ஸில் 4) மேற்பட்ட வலுவும் இருக்கும்போது 2 நோட்ரம்ப் என்று பதில் சொல்வது ஜாகோபி முறை. அது இயல்பான நோட்ரம்ப் கேள்வி அன்று. "ஸ்பேட்ஸ்தான் துருப்பு, கேம் வரை ஏலம் நிற்காது, உன் கையை விவரி" என்ற செய்தி. எங்காவது ஒற்றைச் சீட்டோ சீட்டே இல்லாத சூட்டோ இருந்தால் பார்ட்னர் அந்த சூட்டை 3-ஆம் படியில் சொல்வார். அப்படி ஏதும் இல்லாமல் குறைந்தபட்ச வலு மட்டும் இருந்தால் நேரே 4 ஸ்பேட்ஸ் என்பார். இங்கே அவர் சொல்லக்கூடியது 4 ஸ்பேட்ஸ்தான். 19 புள்ளியோடு அதற்கு மேலும் ஒரு முயற்சி செய்வது நியாயமே. ஆனால் அந்த முயற்சி 4 நோட்ரம்ப் ஆகாது, 5 டைமண்ட்ஸ் ஆக வேண்டும். துருப்பு முடிவான பின் புதிய சூட்டைக் கேட்பது அந்த சூட்டில் ஏஸ், கிங், ஒற்றைச் சீட்டு ஆகியவற்றில் ஏதோ ஒரு கட்டுப்பாடு உண்டு என்பதைக் காட்டும் க்யூ பிட். கட்டுப்பாடுகளை மலிவான படியிலிருந்து வரிசையாகக் காட்ட வேண்டும் என்பது இருவரின் உடன்பாடானால், 5 கிளப்ஸைத் தாண்டி 5 டைமண்ட்ஸுக்குப் போனவரிடம் கிளப்ஸ் கட்டுப்பாடு இல்லை என்று பார்ட்னர் புரிந்துகொள்வார். தன்னிடமும் இல்லையென்றால் 5 ஸ்பேட்ஸ் என்று நிறுத்திவிடுவார். 11 ட்ரிக்கோடு ஒப்பந்தம் நிறைவேறும். கிளப்ஸ் ஜாக்குக்குப் பதில் கிங் இருந்திருந்தால் அவரே 6-க்குப் போயிருப்பார். அந்த கிங் ஆட்டத்தை ஆடப்போகும் பார்ட்னரின் கையில் இருப்பதால், முதல் சீட்டே கிளப்ஸாக வந்தாலும் ஒரு ட்ரிக்குக்கு மேல் போகாது.

இப்போது பார்ட்னரின் கையைச் சற்று மாற்றிப் பாருங்கள்: ஸ்பேட்ஸ் ஏஸ், குயின், 10, 7, 3, 2, ஹார்ட்ஸ் ஜாக், 8, டைமண்ட்ஸ் கிங், ஜாக், 4, 2, கிளப்ஸ் 6. முன்பு 12 புள்ளி, இப்போது 11 தான். ஆனாலும் 6 ஸ்பேட்ஸ் உடையவே உடையாது எனலாம். கிளப்ஸில் ஒன்று போகும், மீதி எல்லாம் நமக்கு. இந்தக் கையில் 2 நோட்ரம்புக்குப் பார்ட்னரின் பதில் 3 கிளப்ஸாக இருந்திருக்கும். அந்தப் பதிலைக் கேட்ட அதே நொடியில், கேள்வி கேட்டவர் கையிலிருக்கும் கிளப்ஸ் 7, 3 என்ற பலவீனம் இல்லாமல் போகிறது. 4 நோட்ரம்ப் கேட்பது அப்போது முற்றிலும் சரி. புள்ளி குறைந்த கையில் ஸ்லாம் இருக்கிறது, கூடிய கையில் இல்லை. சூட் ஒப்பந்தங்களில் புள்ளியை மட்டும் நம்பக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நோட்ரம்பில் மட்டும் புள்ளிக் கணக்கு ஏறத்தாழ நம்பத் தகுந்தது. சிறு ஸ்லாமுக்கு இரு கைகளிலும் சேர்த்து 33, 13 ட்ரிக்கும் எடுக்க வேண்டிய கிராண்ட் ஸ்லாமுக்கு 37 என்ற எண்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. மொத்தம் 40 புள்ளி. 33 நம்மிடம் என்றால் எதிரணியிடம் 7. இரண்டு ஏஸுக்கு 8 வேண்டும் என்பதால் இரண்டும் அவர்களிடம் இருக்க முடியாது. 37 என்றால் அவர்களிடம் 3. ஓர் ஏஸ்கூட இருக்க வழியில்லை. ஆனால் அந்த 7, ஒரே சூட்டின் ஏஸும் கிங்குமாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். 33-உம் முழுக் காப்பீடு ஆகாது.

ஸ்லாமுக்கு எவ்வளவு நிச்சயம் வேண்டும் என்பதும் பலர் தவறாக எண்ணிக்கொண்டிருக்கும் ஒன்று. வல்னரபிள் (பரிசும் அபராதமும் கூடிய நிலை) இல்லாதபோது 6 ஸ்பேட்ஸ் நிறைவேறினால் கிடைக்கும் மதிப்பெண் 980; அதே 12 ட்ரிக்கை 4 ஸ்பேட்ஸில் எடுத்தால் 480. ஒன்று குறைந்து உடைந்தால் 50 இழப்பு; 4 ஸ்பேட்ஸில் நின்றிருந்தால் 450 வந்திருக்கும். லாபமும் 500, நட்டமும் 500. வல்னரபிளாக இருந்தால் 1430-க்கு எதிரே 680, இழப்பு 100-க்கு எதிரே 650. இரு பக்கமும் 750. ஆகவே சிறு ஸ்லாமுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பே போதும். ஒரே ஒரு கிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் நம்பிய ஸ்லாமைக் கேட்டதற்காகப் பார்ட்னரைக் கோபித்துக்கொள்வது நியாயமில்லை. கிராண்ட் ஸ்லாமில் கணக்கு மாறுகிறது. வல்னரபிள் இல்லாதபோது 7 ஸ்பேட்ஸ் 1510 தரும். 6-இல் நின்று 13 எடுத்தால் 1010. லாபம் 500. உடைந்தால் கையிலிருந்த 980-ஐ விட்டு மேலும் 50 கொடுக்கிறோம், நட்டம் 1030. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வாய்ப்பு இல்லாமல் அங்கே போகக் கூடாது. மதிப்பெண் வேறுபாட்டைச் சிறு எண்களாகச் சுருக்கும் ஐ.எம்.பி. முறையில் ஆடும் அணிப் போட்டிகளில் 500-க்கு 11, 1030-க்கு 14 என்று இடைவெளி சுருங்குவதால் எல்லை 56 சதவீதத்துக்கு இறங்குகிறது என்று கணக்குக் காட்டுவார்கள். இதே சீட்டுகளை மறு மேசையில் ஆடுபவர்கள் 6-க்காவது வருவார்கள் என்ற நம்பிக்கையில் போடப்பட்ட கணக்கு அது. அவர்கள் 4-இலேயே நின்றுவிட்டால், நாம் உறுதியான 6-இன் லாபத்தைத் தூக்கி எறிந்தவர்கள் ஆவோம். நான் இன்னும் மூன்றில் இரண்டையே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஏலக் கலை உருவானதற்கே மதிப்பெண் முறைதான் காரணம். முன்பிருந்த ஆக்‌ஷன் பிரிட்ஜில் 12 ட்ரிக் எடுத்தாலே ஸ்லாம் பரிசு கிடைத்தது; ஏலத்தில் கேட்டிருக்க வேண்டியதில்லை. 1925-இல் பனாமா கால்வாய் வழியே சென்ற கப்பலொன்றில் ஹெரால்டு வாண்டர்பில்ட் வகுத்த காண்ட்ராக்ட் பிரிட்ஜில் கேட்டவருக்கே பரிசு என்றானது. அதன் பிறகுதான் ஈஸ்லி பிளாக்வுட் 1933-இல் தன் 4 நோட்ரம்ப் கேள்வியை முன்வைத்தார்.

வலுவான கையை வைத்திருப்பவர் செய்யும் அடுத்த பிழை அவசரம். பெரிய கை வந்ததும் உயரத் தாவத் தோன்றுகிறது. ஆனால் கேம் வரை ஏலம் நிற்காது என்பது உறுதியான பின் தாழ்ந்த படியில் மெல்லப் போவதுதான் வலுவைக் காட்டும். தாவுவது பலவீனத்தைக் காட்டும். எடுத்துக்காட்டாக, 2 கிளப்ஸ் என்ற செயற்கையான (கிளப்ஸைக் குறிக்காமல் மிக வலுவான கையைக் காட்டும்) கேள்வியில் தொடங்கிய ஏலத்தில், துருப்பு ஆதரவோடு 3 ஸ்பேட்ஸ் என்பது 4 ஸ்பேட்ஸ் என்பதைவிட வலுவானது. முன்னது இடத்தை மிச்சம் பிடித்துத் தருகிறது. பின்னது "எனக்கு ஆர்வமில்லை" என்று கதவைச் சாத்துகிறது.

பிளாக்வுட் எப்போது சரி என்பதற்கு ஒரு கையைக் காட்டுகிறேன். ஸ்பேட்ஸ் ஏஸ், கிங், குயின், ஜாக், 6, 3; ஹார்ட்ஸ் ஏஸ்; டைமண்ட்ஸ் ஏஸ், கிங், குயின், 5; கிளப்ஸ் கிங், 4. மொத்தம் 26 புள்ளி. ஏலம் 2 கிளப்ஸ், அதற்குக் காத்திருப்புப் பதிலாக 2 டைமண்ட்ஸ், பிறகு 2 ஸ்பேட்ஸ், 3 ஸ்பேட்ஸ் என்று வருகிறது. இப்போது 4 நோட்ரம்ப் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஐந்து கீ கார்டுகளில் கிளப்ஸ் ஏஸ் ஒன்றுதான் நம்மிடம் இல்லை என்பதால் பார்ட்னர் சொல்லும் எண்ணே அந்தச் சீட்டின் பெயராகிவிடுகிறது. இல்லை என்றால் 6 ஸ்பேட்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம். உண்டு என்று பதில் வந்தால், ஸ்பேட்ஸ் ஆறு, ஹார்ட்ஸ் ஒன்று, டைமண்ட்ஸ் மூன்று, கிளப்ஸ் இரண்டு என 12 கையில் எண்ணப்பட்டுவிட்டது, பதின்மூன்றாவதுதான் மீதம். அடுத்து 5 நோட்ரம்ப், அதாவது கிங்குகளைப் பற்றிய கேள்வி. மூன்று கிங் நம்மிடமே இருப்பதால் பார்ட்னர் சொல்லக்கூடியது ஹார்ட்ஸ் கிங் ஒன்றுதான். அது இருந்தால் டைமண்ட்ஸ் 5-ஐ அதன் மேல் கழித்துவிடலாம். முதலில் ஹார்ட்ஸ் ஏஸை எடுத்துவிட்டு, கிளப்ஸ் ஏஸ் வழியாக அந்தப் பக்கம் போய் கிங்கை ஆட வேண்டும். துருப்பால் வெட்ட வேண்டிய தேவையே இல்லாததால் 7 ஸ்பேட்ஸ்கூட வேண்டாம், 7 நோட்ரம்பே கேட்கலாம். ஹார்ட்ஸ் கிங் இல்லையென்றால் டைமண்ட்ஸ் ஜாக் அந்தப் பக்கம் இருப்பது, எதிரணியில் டைமண்ட்ஸ் 3-3 எனப் பிரிவது, நான்காவது டைமண்டைப் பார்ட்னரின் துருப்பால் வெட்டுவது என்ற வழிகள் மிஞ்சுகின்றன. நான் 7 ஸ்பேட்ஸ் கேட்பேன், கேட்காதவரைக் குறை சொல்லவும் மாட்டேன். எப்படிக் கேட்டாலும் ஒன்றைக் கடைப்பிடிக்க வேண்டும்: 5 நோட்ரம்ப் கேட்பவர் ஐந்து கீ கார்டுகளும் நம் அணியிடம் உள்ளன என்று வாக்களிக்கிறார். ஏதோ ஒன்று குறைவாக இருக்கும்போது சும்மா தெரிந்துகொள்ளலாம் என்று அதைக் கேட்டால், பார்ட்னர் நம்பி 7-க்குப் போய்விடுவார், பழி அவர்மேல் இல்லை.

கிராண்ட் ஸ்லாமில் துருப்பு ஓட்டையாக இருப்பதைப்போல் கொடியது வேறில்லை. 1975-இல் உலக அணி வாகையர் போட்டியான பெர்முடா கிண்ணத்தின் இறுதியில் இத்தாலியின் பெல்லடோனாவும் கரோட்ஸோவும் 7 கிளப்ஸில் போய் நின்றபோது துருப்பு கிங் வட அமெரிக்க அணியின் கான்டாரிடம் இருந்தது. அந்த கிங்கும் 10-உம் மட்டுமாக, அதுவும் பிடிபடும் பக்கத்தில் இருந்ததால்தான் ஒப்பந்தம் நிறைவேறி, கிண்ணமும் இத்தாலிக்குப் போனது. உலகின் தலைசிறந்த ஏலக்காரர்கள் என்று பெயர் பெற்றவர்களே கேட்கக் கூடாத கிராண்ட் ஸ்லாமைக் கேட்டார்கள். சீட்டின் கிடப்பு அவர்களைக் காப்பாற்றியது. கீ கார்டு முறையில் துருப்பு கிங்கை ஐந்தாவது ஏஸாக எண்ணுவதும், துருப்பு குயினைத் தனியே கேட்க வழி வைத்திருப்பதும் இத்தகைய விபத்தைத் தவிர்க்கத்தான்.

ஒற்றைச் சீட்டை நேரடியாகக் காட்டும் ஸ்பிளிண்டரையும் பழகிக்கொள்ளுங்கள். பார்ட்னர் 1 ஹார்ட் சொன்னதற்கு 4 கிளப்ஸ் என்று இரட்டைத் தாவல் செய்தால், நான்கு துருப்பும், கேமுக்குப் போதுமான வலுவும், கிளப்ஸில் ஒரே சீட்டும் உண்டு என்று பொருள். 1 ஹார்ட் சொன்னவர் அப்போது தன் கிளப்ஸைப் பார்க்க வேண்டும். அங்கே 8, 5, 3 என்று இருந்தால் புள்ளிகள் எல்லாம் வேலை செய்யும் இடங்களில் குவிந்திருக்கின்றன, ஸ்லாமை நோக்கிப் போகலாம். கிங், குயின், 8 என்று இருந்தால் அந்த 5 புள்ளியும் ஒற்றைச் சீட்டுக்கு எதிரே பெரும்பாலும் வீண்; 4 ஹார்ட்ஸோடு நிறுத்துவது நல்லது. அழகான கை என்று நினைத்தவரே இங்கே பின்வாங்க வேண்டியிருப்பது சிலருக்கு மனம் வராத காரியம்.

4 நோட்ரம்ப் எல்லா இடத்திலும் பிளாக்வுட் ஆகாது என்பதையும் பார்ட்னரோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டும். 15 முதல் 17 புள்ளி காட்டும் 1 நோட்ரம்புக்கு நேரடியாக 4 நோட்ரம்ப் என்பது ஓர் அழைப்பு மட்டுமே: "என்னிடம் 16 அல்லது 17 உண்டு, உன் கை உச்சத்தில் இருந்தால் 6-க்குப் போ, இல்லையென்றால் பாஸ்." 18 இருந்தால் அழைக்க வேண்டியதில்லை, 15-உம் 18-உம் 33 ஆகிவிடுவதால் நேரே 6 நோட்ரம்ப் கேட்கலாம். அங்கே ஏஸ் கேட்க விரும்புவோர் 4 கிளப்ஸ் என்ற கெர்பரைப் பயன்படுத்துகிறார்கள். கிளப்ஸோ டைமண்ட்ஸோ துருப்பாக இருக்கும்போது வேறொரு தொல்லை வருகிறது: 4 நோட்ரம்புக்கு வரும் பதிலே 5 கிளப்ஸைத் தாண்டிவிடக்கூடும்; நிறுத்திக்கொள்ள இடமிருக்காது. கிளப்ஸ் துருப்பு என்றால், கேட்கும் முன்பே எந்தப் பதில் வந்தாலும் தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தாங்காதென்றால் க்யூ பிட்டோடு நிற்பதே மேல்.

கடைசியாக, எதிரணி குறுக்கே புகுவது. நாம் 4 நோட்ரம்ப் கேட்டதும் அவர்கள் 5 டைமண்ட்ஸ் என்று இடத்தை அடைத்தால், வழக்கமான படிப் பதில்கள் உதவாது. எளிய ஏற்பாடு ஒன்று போதும்: கீ கார்டு ஏதுமில்லை என்றால் டபிள் (எதிரணி ஏலத்தின் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் அழைப்பு), ஒன்று இருந்தால் பாஸ், இரண்டு இருந்தால் அடுத்த மலிவான கேள்வி. டபிள் வந்தால் கேட்டவர் அதை அப்படியே விட்டு எதிரணியை ஆட வைத்து, அவர்கள் உடைவதில் கிடைக்கும் புள்ளியை எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் வல்னரபிளாக இருந்து நம் தரப்பு வல்னரபிளாக இல்லாவிட்டால் அது நம் கேமின் மதிப்பைத் தாண்டிவிடுவதும் உண்டு.